பெரில் உள்ளே போன வெள்ளிக்கிழமைகள்

பிப்ரவரி 7, 2012, செவ்வாய்

இந்த நோட்டு கீலி கொடுத்தது. தினமும் எத்தனை கிளாஸ் குடித்தேன் என்று குறித்துவைப்பதற்கு. தொண்ணூற்று மூன்று நாளாக ஒரே சைபரை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. பக்கத்தில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. இனி மற்றதையும் எழுதுகிறேன்.

கீலி என் சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும் பெண். முப்பது வயதுகூட இருக்காது. பேனாவைக் கொண்டையில் சொருகிக்கொண்டு அதையே தேடுவாள். இன்று வந்து உட்கார்ந்ததும், "ராய்ஸ்டன், சுகாதாரத் துறையில உங்க பேர்ல ஒரு தொகை ஒதுக்கியிருக்காங்க. குடிக்காம இருக்கிறதுக்கு உங்களுக்கு எது உதவும்னு நினைக்கிறீங்களோ அதுக்குச் செலவு பண்ணலாம்" என்றாள்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணணும்?"

"உங்களைக் கேட்டுத்தான்."

சாராயம், சிகரெட், சூதாட்டம் கூடாதாம். மற்றபடி என்ன வேண்டுமானாலும் திட்டத்தில் எழுதலாம், ஒரு குழு பார்த்துச் சம்மதம் சொல்லுமாம். ஒருத்தர் சைக்கிள் வாங்கினாராம், ஒரு பெண்மணி துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினாராம். இதில் எங்கோ கொக்கி இருக்கிறது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சுரங்கத்தில் இருபது வருடம், பஸ் டெப்போவில் பதினொரு வருடம். எங்கேயும் ஒருவனும் என்னிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று கேட்டால் எப்படி?

படிவத்தின் முதல் கேள்வி: ஒரு நல்ல நாள் உங்களுக்கு எப்படி இருக்கும்?

காலியாக விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8

மழை பெய்யாத நாள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 15, புதன்

குடியை விட்டவர்கள் கூடும் வாராந்திரக் கூட்டத்தில் எல்லோருக்கும் இதைப் பற்றித்தான் பேச்சு. ஜிம், கிட்டார், கணினி வகுப்பு. எல்லோருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. எனக்கு மட்டும் மண்டை காலி. வீட்டுக்கு வந்து டிவியையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பிப்ரவரி 21, செவ்வாய்

கீலி புறாக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். கொல்லைக்கு அழைத்துப் போனேன். இருபத்திரண்டு பந்தயப் புறாக்கள். காலணியில் எச்சம் பட்டதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதற்காகவே அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் போடலாம்.

"இதுங்க இந்த வருஷம் பறக்குமா?"

பறக்காது என்றேன். ராதரமில் ஒருத்தன் மொத்தமாக விலைக்குக் கேட்கிறான், கொடுத்துவிடுவேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறாக்களைக் கூடையில் போட்டுத் தொழிலாளர் கிளப்புக்குக் கொண்டுபோக வேண்டும். காலில் பந்தய வளையம் போடும் மேசை பாருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து லாரியில் தூரத்து ஊருக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடுவார்கள், புறா தானே வீடு திரும்பும். சனிக்கிழமை புறா வந்த நேரத்தைப் பதிவு செய்த கடிகாரத்தையும் அங்கேதான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முடிவு சொன்னதும் ஜெயித்தவன் எல்லோருக்கும் ஒரு கிளாஸ் வாங்கித் தருவான். வாங்கிக்கொள்ளாமல் போனால் அவன் வெற்றியை மதிக்கவில்லை என்று அர்த்தம். முப்பது வருடமாக இதுதான் வழக்கம். வாரத்தில் எனக்கு மோசமான நாள் எது என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளிக்கிழமை என்பேன்.

"எவனாவது எனக்குப் பதிலா கூடையத் தூக்கிட்டுப் போனா நல்லாத்தான் இருக்கும்" என்று விளையாட்டுக்குச் சொன்னேன். கீலி பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"கொண்டையில" என்றேன்.

மார்ச் 13, செவ்வாய்

கூடை தூக்க ஆள் வைக்கும் என் திட்டத்துக்குக் குழு சம்மதித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: அவர் ஏன் தானே போகக் கூடாது? கீலி, "உள்ள போயிடுவார். வெளிய வரமாட்டார்" என்று பதில் சொன்னாளாம்.

ஆக நான் இப்போது முதலாளி. மூன்று இடத்தில் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவன் ஒரு ஆளை வேலைக்கு வைக்கப் போகிறேன். சிரிப்பதா, பயப்படுவதா? ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 22, வியாழன்

தபால் நிலைய ஜன்னலில் ஒட்டிய சீட்டைப் பார்த்து மூன்று பேர் வந்தார்கள். நூலகத்தில் வைத்துப் பேசினோம், கீலியும் இருந்தாள். முதல் ஆள் கிளப்பில் பீர் இலவசமா என்று கேட்டார். இரண்டாமவருக்குப் புறா இறகு பட்டால் உடம்பெல்லாம் தடிக்குமாம்.

மூன்றாவது பெரில் டாஸ்கர். அறுபத்தொரு வயது. செயின்ட் ஜான்ஸ் பள்ளி வாசலில் 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்தவர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. கணவர் இல்லை. "நான் குடிக்கிறதில்ல கண்ணு" என்றார், கேட்காமலே.

பாரைத் தாண்டிப் போக என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை. "எது ரொம்பப் படுத்தும்? வாசனையா, சத்தமா?" என்று கேட்டார்.

இதை யாருமே என்னிடம் கேட்டதில்லை. சத்தம்தான் என்றேன். கிளாஸை மேசையில் வைக்கிற சத்தம். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த ஒரு கேள்விக்காகவே வேலை கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, வெள்ளி

முதல் வெள்ளி. புறாவை எப்படிப் பிடிப்பது என்று போன வாரமே சொல்லிக்கொடுத்தேன்: காலிரண்டும் விரலிடுக்கில், கட்டைவிரல் முதுகில். மூன்று தடவையில் பழகிக்கொண்டார். பிள்ளைகளைப் பிடித்துப் பழகிய கை.

நான் கிளப்புக்கு எதிரே பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் வெளியே வந்தார்.

"அந்த நெவில்ங்கிறவர் உன் நீலப் பெட்டைப் புறா குண்டாயிடுச்சுங்கிறார்."

"அவன் குண்டானதைக் கண்ணாடில பார்க்கச் சொல்லுங்க."

"நான் சொல்லமாட்டேன் கண்ணு. எனக்கு இது புது வேலை."

நெவில் கிளப் செயலாளர். அவனோடு இப்படி வாய்ச்சண்டை போட்டு ஐந்து மாதம் ஆகிறது என்பதே இன்று கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. நடந்து வீட்டுக்கு வந்தேன். உடம்பு லேசாக இருந்தது.

ஏப்ரல் 14, சனி

செல்டன்ஹாமிலிருந்து பந்தயம். குண்டுப் பெட்டை நாலாவது. பெரில் கடிகாரத்தைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது, சந்தோஷம் போல. எனக்கும்தான்.

மே 4, வெள்ளி

முக்கால் மணி நேரம். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டேன். யாருக்கு முழங்கால் ஆபரேஷன், யார் பெண்ணுக்குக் கல்யாணம், எல்லாம் ஒப்பித்தார். என் கிளப், என் சிநேகிதர்கள், எனக்கு வேறொருத்தர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நானே அனுப்பிவிட்டு நானே பொறாமைப்படுகிறேன்.

மே 11

மழை. பந்தயம் தள்ளிவைப்பு.

மே 18, வெள்ளி

ஒரு மணி நேரத்துக்கு மேல். வெளியே வரும்போது வாயில் புதினா மிட்டாய். பேச்சு கொஞ்சம் வேகம்.

"மழை நிக்கட்டும்னு இருந்தேன் கண்ணு."

மழையே பெய்யவில்லை. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

மே 20, ஞாயிறு

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து ஒரு பெண்மணி ஒரு கிளாஸ் குடித்தால் என்ன குற்றம்? ஊரே குடிக்கிறது. நான் யார் கேட்க? நான் முதலாளி. முதலாளி என்றால் கேட்கலாமா? டெப்போவில் என் வாயை மோந்து பார்த்த மேனேஜரை நான் என்னவெல்லாம் திட்டினேன்.

ஆனால் அந்த மழைக் கதை. அதை அப்படியே என் மனைவி லின்டாவிடம் நான் சொல்லியிருக்கிறேன், அவள் என்னை விட்டுப் போவதற்கு முந்தின வருடம். வார்த்தைகூட மாறவில்லை. குடிக்கிறதில்லை என்று கேட்காமலே ஏன் சொன்னார்? சத்தமா வாசனையா என்று குடிக்காதவருக்கு எப்படிக் கேட்கத் தோன்றும்?

இதெல்லாம் அன்றைக்கே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைத்ததோ என்னவோ. புறா பறக்க வேண்டும் என்று காதை மூடிக்கொண்டேனோ?

மே 25, வெள்ளி

எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கும்.

ஏழு மணி, நல்ல வெளிச்சம். பெரில் கூடையோடு வெளியே வந்தார். கூடை காலியாக இருக்க வேண்டும், உள்ளே மூன்று புறா அப்படியே இருந்தன. அவற்றுக்கு வளையம் போட மறந்திருக்கிறார். நான் எழுந்து கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாலையில் இறங்கினார். வலப்பக்கம் பார்க்கவில்லை. இடப்பக்கமும் பார்க்கவில்லை. இருபது வருடம் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் நிறுத்திப் பார்க்கச் சொன்னவர்.

பஸ் ஹாரன் அடித்தது, டயர் கிறீச்சிட்டது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. தோளைப் பிடித்து இழுத்தேன். கூடை விழுந்து திறந்துகொண்டது, மூன்றும் பறந்து போயின. டிரைவர் கண்டபடி திட்டினான். என் பழைய டெப்போ ஆள்தான், குடித்திருப்பது நான்தான் என்று நினைத்தான்.

நிழற்குடையில் உட்கார வைத்தேன். "ஒம்பது வருஷம், ராய்ஸ்டன்" என்றார். "ஒம்பது வருஷமா ஒரு சொட்டு தொடாம இருந்தேன்."

அவ்வளவுதான். டாக்சியில் ஏற்றி அனுப்பினேன். நான் வீட்டுக்கு வருவதற்குள் மூன்று புறாவும் கூட்டின் மேல் உட்கார்ந்திருந்தன.

மே 26, சனி

கோபம் கோபமாக வருகிறது. முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பியாடா நீ? மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

என்னால் போக முடியாத இடத்துக்கு, என்னை மாதிரியே ஒருத்தரைப் பிடித்து, சம்பளமும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆறு வாரம் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். இதற்கு ஒரு குழு சம்மதம் வேறு. யாரைத் திட்டுவது? திட்டம் என்னுடையது. கேட்டது நான், தேர்ந்தெடுத்தது நான். முன்பெல்லாம் எது நடந்தாலும் மேலே இருக்கிறவன் மேல் பழியைப் போடலாம். இப்போது மேலே அண்ணாந்து பார்த்தால் நான்தான் இருக்கிறேன்.

கடை வரை போனேன். வாசலில் நின்றேன். பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சைபர்.

மே 29, செவ்வாய்

கீலி வந்தாள். எல்லாம் நல்லா போகுதா என்றாள். நல்லா போகுது என்றேன்.

சொன்னால் பெரிலுக்கு வேலை போகும். திட்டம் நின்றுவிடும், புறாக்கள் ராதரமுக்குப் போகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மறுபடி வரும். இருநூற்று ஐந்து நாளில் முதல் பொய். எவ்வளவு சுலபமாக வந்தது.

ஜூன் 1, வெள்ளி

கிளப் முழுக்கக் கொடி கட்டியிருக்கிறார்கள், ராணி பட்டமேறி அறுபது வருடமாம். நான் கூடையை எடுக்கவில்லை. பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு பெரில் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே, "வேலைய விட்டு நிறுத்தத்தானே வந்திருக்க?" என்றார்.

வழியெல்லாம் நல்ல வார்த்தையாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். என்னை மூன்று இடத்திலும் கடிதத்தில்தான் நிறுத்தினார்கள், நேரில் சொல்ல ஒருவனுக்கும் தைரியமில்லை. நான் நேரில் சொல்ல வேண்டும் என்று வைராக்கியம். கடைசியில் வாயில் வந்தது, "ஆமாங்க" மட்டும்தான்.

"டீ போடவா? இல்ல, வேலை போனவ டீ போடக்கூடாதா?"

சமையலறையில் உட்கார்ந்தோம். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"மொத சனிக்கிழமையே. உன் புறா நாலாவது வந்துச்சுல்ல. ஜெயிச்ச ஆளு எல்லாருக்கும் வாங்கினார். என் முன்னாடியும் ஒண்ணு வெச்சார். 'இது ராய்ஸ்டனுக்கு, அவன் சார்பா நீங்க எடுத்துக்கங்க'ன்னார். வேணாம்னு சொன்னா உனக்கு மரியாதை கெட்டுப்போகும்னு நெனச்சேன்."

டீயைக் கீழே வைத்தேன். அந்த கிளாஸ் எனக்கு வைத்தது. எனக்கு வைத்ததை அவர் குடித்திருக்கிறார்.

"பணத்துக்காக வரல கண்ணு" என்றார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது எனக்காகக் காத்துட்டு இருப்பாங்கன்னு இருந்துச்சு. அது போதும்னு வந்தேன்."

எட்டு மணி வரை இருந்தேன். ரொட்டியில் பாதியை நான் சாப்பிட்டேன், அவர் தொடவில்லை. திரும்பி வரும்போது அழுதேன், எழுதிவைக்கிறேன், ஆமாம் அழுதேன்.

ஜூன் 6, புதன்

கீலியை ஃபோனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். போன வாரப் பொய்யையும் சேர்த்து.

"இண்டர்வியூல நானும்தான் உக்காந்திருந்தேன்" என்றாள். "எனக்கும் தெரியல, ராய்ஸ்டன்."

பெரிலைப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு, "திட்டம் உங்களுது. மாத்தலாம். இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

மறுபடியும் அதே கேள்வி. தெரியவில்லை என்றேன்.

ஜூன் 14, வியாழன்

தீவனக் கடையில் நெவில். ஓடி ஒளிய இடமில்லை.

"ரெண்டு வாரமா புறாவக் காணோம், ஆளையும் காணோம். பெரிய மனுசன் ஆயிட்ட. ஆள் வெச்சு அனுப்புறான், நம்மளோட நின்னு பேசுறது கௌரவக் குறைச்சலாப் போச்சுன்னு பசங்க பேசிக்கிறாங்க."

சோள மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நெவில், என்னால அந்த பாரைத் தாண்டி வர முடியலடா" என்றேன். இதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், கீலியிடம், குழுவிடம், யார் யாரிடமோ சொல்லியிருக்கிறேன். முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் இன்றுதான் சொல்கிறேன்.

அவன் என்னையே பார்த்தான். "இவ்வளவுதானா?" என்றான். "வளையம் போடுற மேசை என்ன தரையில முளைச்சா கெடக்கு? வண்டி நிறுத்துற இடத்துல தூக்கிப் போட்டிருப்போமேடா. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

கேட்டிருக்கலாம். படிவம், குழு, விளம்பரம், பெரில், அந்த பஸ். எனக்குச் சிரிப்பும் வந்தது, யாரையாவது அறைய வேண்டும் போலவும் இருந்தது.

ஜூன் 22, வெள்ளி

மேசை வெளியே. மழையும் சேர்ந்துகொண்டது, நெவில் பெரிய குடை பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே நின்றான். பத்துப் புறாவுக்கும் நானே வளையம் போட்டேன். விரல் மறக்கவில்லை.

முடித்துத் திரும்பினால் பின்னால் இன்னும் இரண்டு பேர் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே மேசை காலியாகக் கிடக்க, இவர்கள் மழையில்.

ஜூன் 23, சனி

எட்டாவது இடம். ஜெயித்தவன் வெளியே வந்து என் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தான். பீர் கிளாஸில் டீ.

ஜூலை 13, வெள்ளி

பெரில் இந்த மூன்று வாரமும் சைபர் எழுதுகிறார். கீலி அவருக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறாள். நிலைக்குமா? தெரியாது. எனக்கு நிலைக்குமா என்பதே தெரியாது. சாயங்காலம் ஃபிளாஸ்க்கோடு நிழற்குடைக்கு வந்திருந்தார். கிளப் பக்கம் வருவதில்லை. நான் கூடையைத் தூக்கியதும் எழுந்துபோய் நடுச்சாலையில் நின்று ஒரு கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினார். பலகையெல்லாம் இல்லை, வெறும் கை. அதே டிரைவர். நின்றான்.

வளையம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் பேரிலும் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

"ஒரு நல்ல நாள் எப்படி இருக்கும்ங்கிறாங்க. என்ன கண்ணு எழுதுறது?"

"மழை பெய்யாத நாள்னு எழுதாதீங்க. நான் எழுதிப் பார்த்துட்டேன்."

"அப்புறம் நீ என்னதான் எழுதின?"

போன வாரம்தான் நிரப்பினேன் என்றேன். வெள்ளிக்கிழமை என்று ஒரே வார்த்தை.

அவர் பேனாவைத் திறந்தார். மூடிவிட்டார். அவசரமில்லை, எனக்கு ஐந்து மாதம் ஆனது என்றேன். டீ ஊற்றிக் கொடுத்தார்.